இதயக் குழாய் அடைப்பு: ஏன் வருது, எப்படித் தடுக்கிறது? கேள்வி பதில்

எல்லாருக்கும் வணக்கம். நான் இதய நோய் வார்டுல ரொம்ப வருஷமா வேலை பாக்குற டாக்டர். மாத்திரையை மாத்தச் சொல்றது, டோஸ் கூட்டிக் குறைக்கச் சொல்றது மட்டும் இங்க பண்ண மாட்டேன், அது உங்களை நேர்ல பாக்குற டாக்டரோட வேலை. மத்தபடி எது வேணா கேளுங்க.

கேள்வி: டாக்டர், எங்க மாமா டிரெட்மில் டெஸ்ட் பண்ணி நார்மல்னு ரிப்போர்ட் வந்துச்சு. மூணே மாசத்துல அட்டாக். டெஸ்ட்டை தப்பா எடுத்துட்டாங்களா?

தப்பா எடுத்திருப்பாங்கன்னு சொல்ல முடியாதுங்க. ஓடும்போது ரத்த ஓட்டம் பத்தாமப் போற அளவுக்குப் பெரிய அடைப்பு இருந்தாத்தான் டிரெட்மில்ல தெரியும், பொதுவா 70 சதவீதம் பக்கம் போனப்புறம். ஆனா நிறைய அட்டாக் வர்றது பாதி கூட அடைக்காத இடத்துலதான். இதை எல்லாரும் புரிஞ்சுக்கணும், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். எல்டிஎல்னு சொல்ற கொழுப்புத் துகள் ரத்தத்துல அதிகமா இருந்தா குழாயோட உள்சுவருக்குள்ள நுழைஞ்சு தங்கிடும், அதை முழுங்குறதுக்கு வெள்ளணுக்கள் வரும், முழுங்கிட்டு அங்கேயே செத்துப் போகும், இப்படியே பல வருஷம் சேர்ந்து சேர்ந்து மெல்லிசு தோல் மூடின சீழ்க்கட்டி மாதிரி ஒண்ணு சுவருக்குள்ள உருவாகும். வெளிய வலியே இருக்காது. என்னிக்காவது அந்தத் தோல் கிழிஞ்சா ரத்தம் அதைக் காயம்னு எடுத்துக்கிட்டு உறைய ஆரம்பிக்கும், அந்த உறைகட்டி சில நிமிஷத்துலயே குழாயை மொத்தமா அடைச்சிடும். அட்டாக்ங்கிறது பெரும்பாலும் இதுதான். அதனால டெஸ்ட் நார்மல்னா இன்னிக்கு ரத்த ஓட்டம் போதுமா இருக்குன்னுதான் அர்த்தம், குழாய் சுத்தமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பிபி, சுகர், எல்டிஎல் மூணையும் ஒண்ணுமே வலிக்காத காலத்துலயே பாருங்கன்னு நான் கெஞ்சுறது இதுக்காகத்தான்.

கேள்வி: எனக்கு 26 வயசு, ஜிம் போறேன். இதெல்லாம் 45க்கு மேல பாத்தா போதாதா?

போதாது தம்பி. கொரியா போர்ல இறந்த 300 வீரர்களோட இதயத்தை அறுத்துப் பாத்து 1953ல ஒரு கட்டுரை வந்துச்சு, சராசரி வயசு 22தான், அதுல 77 சதவீதம் பேருக்கு இதயக் குழாய்ல படிவு ஏதோ ஒரு அளவுல இருந்துச்சு. திடமான பசங்க அவங்க. எல்டிஎல் எவ்வளவுங்கிறது மட்டும் இல்ல, எத்தனை வருஷமா அந்த அளவுல இருக்குங்கிறதும் சேர்ந்துதான் கணக்கு. ஜிம் போறது ரொம்ப நல்லது, விட்டுடாதீங்க, ஆனா உடம்பு கட்டா இருக்கிறவனுக்கும் எல்டிஎல் 200 இருக்கலாம், கண்ணாடில பாத்தா தெரியாது. ஒரு தடவை ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க.

கேள்வி: ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் புடிச்சிட்டிருந்தேன், இப்ப ஒரு நாளைக்கு ஒண்ணுதான். ரிஸ்க் இருபதுல ஒரு பங்காயிருக்கும்ல?

குறைச்சதுக்குப் பாராட்டு, நிஜமாவே கஷ்டம் அது. ஆனா இதயத்துக்கு அந்தக் கணக்கு செல்லாதுங்க. பல ஆய்வுகளைச் சேர்த்து 2018ல வந்த அலசல்ல, தினம் ஒண்ணு புடிக்கிறவங்களுக்கே இருபது புடிக்கிறவங்களோட கூடுதல் ரிஸ்க்ல கிட்டத்தட்ட பாதி இருந்துச்சு. கொஞ்சம் புகை போனாலே ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் ஒட்டத் தயாராகிடும், குழாயோட உள்தோலும் கெடும். அந்த ஒண்ணையும் விட்டுடுங்க. விட்ட ஒரு வருஷத்துலயே கூடுதல் ரிஸ்க் கிட்டத்தட்ட பாதியா இறங்கிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 48ல அட்டாக். பரம்பரைன்னா நான் என்ன பண்ணாலும் வரத்தானே போகுது?

அப்படி நினைக்காதீங்க ப்ளீஸ். அப்பா அண்ணன் தம்பிக்கு 55க்குள்ள, அம்மா அக்கா தங்கச்சிக்கு 65க்குள்ள வந்திருந்தா உங்க ரிஸ்க் கூடுதல்தான், நிஜம். நீங்க ரெண்டு விஷயம் கண்டிப்பா பாக்கணும். எல்டிஎல் 190க்கு மேல இருந்தா பரம்பரைக் கொழுப்புக் கோளாறா இருக்கலாம், சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, இருந்தா உங்க பிள்ளைங்களுக்கும் பாக்கணும். இன்னொண்ணு லிப்போபுரோட்டீன் ஏ, எல்டிஎல் மாதிரியே ஒரு கொழுப்புத் துகள், சாதா கொலஸ்ட்ரால் டெஸ்ட்ல வராது, தனியாக் கேட்டு வாழ்நாள்ல ஒரு தடவை எடுத்தாப் போதும். அதுக்கப்புறம் பாருங்க, 52 நாடுகள்ல பண்ணி 2004ல வந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல புகை, கொலஸ்ட்ரால், பிபி, சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இல்லாதது உட்பட அளக்கக்கூடிய ஒன்பது விஷயமே முதல் அட்டாக்குக்கான ரிஸ்க்ல 90 சதவீதம் அளவுக்குக் காரணமா வந்துச்சு. பரம்பரை இருக்கிறவங்கதான் இதுல கை வைக்கிறதுல ரொம்ப லாபம் அடைவாங்க.

கேள்வி: பொம்பளைங்களுக்கு ஹார்ட் பிரச்சனை கம்மின்னு சொல்றாங்களே அக்கா?

மாதவிடாய் நிக்கிற வரைக்கும் கொஞ்சம் கம்மிம்மா, அதுக்கப்புறம் வேகமா ஏறிடும். கர்ப்பத்துல பிபி ஏறியிருந்தா, சுகர் வந்திருந்தா, குழந்தை பொறந்ததும் சரியாயிடுச்சுன்னு எல்லாரும் மறந்துடுறாங்க, ஆனா பின்னாடி இதய நோய் வர்ற ரிஸ்க் அவங்களுக்குக் கூடுதல். டாக்டர் கேக்கலேன்னாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்க. அறிகுறியும் எப்பவும் நெஞ்சைப் புடிக்கிற வலியா இருக்காது, மூச்சு வாங்குறது, காரணமில்லாத களைப்பு, குமட்டல், தாடை வலி, முதுகு வலின்னு வரும். வீட்டு வேலை அசதின்னு சொல்லிப் படுத்துட்டு லேட்டா வந்தவங்களைப் பாத்துப் பாத்து மனசு நொந்து போயிருக்கேன்.

கேள்வி: எந்த எண்ணெய் நல்லது? முட்டை சாப்பிடலாமா?

எண்ணெய் பேரை விட அளவு முக்கியம். வெண்ணெய், கொழுப்பு இறைச்சியைக் குறைங்க, டிரான்ஸ் கொழுப்பு இருக்குன்னு லேபிள்ல பாத்தா தொடவே வேணாம். பொதுவா ஒரு நாளைக்கு ஒரு முட்டை பெரிய விஷயம் இல்ல. உப்பு ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராமுக்குள்ள.

கேள்வி: கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரை போட்டா தசையெல்லாம் போயிடும்னு வீடியோ பாத்து நிறுத்திட்டேன்.

உங்க டாக்டர்கிட்ட இன்னிக்கே சொல்லுங்க, நீங்களா நிறுத்தினதை மறைக்காதீங்க. தசை வலி சிலருக்கு வரும், ஆனா யாருக்கு மருந்து, யாருக்கு வெத்து மாத்திரைன்னு தெரியாம நடத்தின ஆய்வுகள்ல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு வலி சொல்லியிருக்காங்க. நிஜமாவே ஒத்துக்கலைன்னா வேற மருந்து இருக்கு. எல்டிஎல் சுமார் 39 புள்ளி இறங்கினா அட்டாக், பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்பு அஞ்சுல ஒரு பங்கு குறையுது.

கேள்வி: முன்னெச்சரிக்கையா தினம் ஒரு ஆஸ்பிரின் போடலாமா?

இதய நோய் இல்லாதவங்க தானா ஆரம்பிக்காதீங்க. வயித்துல, மூளைல ரத்தக்கசிவு ஆபத்து இருக்கு.

கேள்வி: அப்பாவுக்கு ரெண்டு வாரமா மாடி ஏறினா நெஞ்சுல ஒரு அழுத்தம், நின்னா போயிடுது. கேஸ்தான்னு சொல்லி வர மாட்டேங்கிறார்.

கேஸ் மாடி ஏறும்போது மட்டும் வந்து நின்னதும் போகாதும்மா. உழைச்சா வர்றது, ஓய்வெடுத்தா போறது, அதுவும் புதுசா ஆரம்பிச்சிருக்கு, இதை இதயம்னுதான் எடுத்துக்கணும். நாளைக்குன்னு தள்ளாம இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. உக்காந்திருக்கும்போதே வலி வந்தாலோ, பத்து நிமிஷத்துல விடலைன்னாலோ, வேர்த்துக் கொட்டினாலோ ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, அவரை வண்டி ஓட்ட விடாதீங்க. அங்க போய் "கேஸ் மாதிரி இருக்கு"ன்னு அவர் ஆரம்பிச்சாலும் நீங்க குறுக்கிட்டு "நடந்தா வருது, நின்னா போகுது, ரெண்டு வாரமா"ன்னு அப்படியே சொல்லுங்க. படுக்க வெச்சு எடுக்கிற இசிஜி நார்மலா வந்தாலும், அடுத்து என்ன டெஸ்ட்னு கேக்காம வீட்டுக்குத் திரும்பாதீங்க.