கடலோர மணலில் ஆவாரை: கேள்வி பதில்

அக்கா, ஆரம்பாக்கத்தில் வீடு. ஆவாரை விதை இரண்டு தடவை போட்டேன், ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசா?

பழசாக இருக்காது. தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு நிமிஷம் விட்டு, விதைமேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்து வேகவிடக் கூடாது. காலையில் உப்பியதை மட்டும் விதையுங்கள். உப்பாததை நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கீறி மறுபடி ஊறப்போடுங்கள். முளை இருக்கும் கூர்முனையில் கை வைக்காதீர்கள். அரை அங்குல ஆழம் போதும். ஆணிவேர் வேகமாக இறங்கும், அதனால் உயரமான பை வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நேரடியாக நிலத்திலேயே போட்டால் இன்னும் நல்லது. பெயர்த்து நட்டால் ஆணிவேர் அறுந்து கன்று சுணங்கும்.

தடா பக்கம் நர்சரியில் தங்கேடு என்று கேட்டு வாங்கினேன். ஆவாரைதானா?

தெலுங்கில் ஆவாரைக்கு அந்தப் பேர்தான். ஆனாலும் மஞ்சள் பூப் பூக்கும் எதையாவது கொடுத்துவிடுவார்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். காது மடல் மாதிரி அகலமான சிற்றிலை இருந்தால் ஆவாரை. காயும் தட்டையாக, காகிதம்போல மெல்லிசாக இருக்கும்.

பழவேற்காடு, ஏரிக்கரை ஓரம். போர்த் தண்ணீர் உப்பு. தினமும் ஊற்றியும் இலை மஞ்சளாகி உதிர்கிறது அக்கா.

தினமும் ஊற்றுவதுதான் காரணமாக இருக்கும். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்பார்கள். அந்த ஆவாரையையே சாகடிப்பது தேங்கிய தண்ணீர். தம்பி, ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றவே வேண்டாம். மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை ஒரே தடவையாக நிறைய விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வேர்மட்டத்திலேயே தங்கிவிடும். ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கும் இடமானால் ஒரு முழ உயரத்துக்கு மேடு கட்டி அதில் வையுங்கள். முதல் வருஷக் கோடையில் வாரம் ஒரு குடம். வேர் இறங்கியபின் மழை போதும்.

இலை ஓரம் மட்டும் கருகினால் அது உப்புக்காற்று. சுவரின் காற்று படாத பக்கம் நடுங்கள், ஆனால் வெயில் மறையக் கூடாது.

செடி ஆள் உயரம், பூ மட்டும் இல்லை. உரம் என்ன போடலாம்?

போடாதீர்கள். யூரியா போட்டால் இலைதான் தழைக்கும். நடும்போது குழிக்கு இரண்டு கை மக்கிய தொழுவுரம், அதோடு சரி. பூ புதுக்கொழுந்தின் நுனியில் வருவதால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள்; ஆடி மாதம் தோது. மொட்டு வந்தபின் கத்தரி வைத்தால் அந்தப் பூவும் போய்விடும்.

பச்சைப் புழு இலையை மொட்டையடிக்கிறது. மருந்து?

வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழுதான். வளர்ந்த செடி மறுபடி துளிர்த்துவிடும். கன்றானால் கையால் பொறுக்கி, பெரிய செடியில் விடுங்கள்.

வேலியாக வைக்க இடைவெளி?

மூன்றடி.