எம்.ஆர்க். நகர வடிவமைப்பு: மதுரை அப்பா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

நகர வடிவமைப்பில் எம்.ஆர்க்., அதாவது கட்டடக்கலை முதுநிலைப் படிப்பு, மகளுக்குச் சரிவருமா என்று கேட்க நீங்கள் போன வாரம் அவளோடு வந்திருந்தபோது பேச வேண்டியதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதுகிறேன். "அஞ்சு வருஷம் பி.ஆர்க். படிச்சாச்சு. இன்னும் ரெண்டு வருஷமா? அதுவும் பேரே புரியலையே" என்றீர்கள். நியாயமான கேள்வி. இந்தத் துறையில் பெயர்தான் முதல் சிக்கல். படிக்கப் போகும் பிள்ளைகளே பெயரை நம்பிச் சேர்ந்துவிட்டு, முதல் செமஸ்டரில் விழிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சேர நினைக்கும் படிப்புகள் என்று உங்கள் மகள் எழுதி வைத்திருந்த பட்டியலில் இருந்த 'சுற்றுச்சூழல் வடிவமைப்பு' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் பெர்க்லியில் 1959-இல் இந்தப் பெயரில் ஒரு கல்லூரியையே தொடங்கியது. கட்டடக்கலை, நகரமைப்பு, லேண்ட்ஸ்கேப் (நிலம், நீர், மரம் சார்ந்த வெளியிட வடிவமைப்பு) மூன்றும் அங்கே ஒரே குடும்பம். மனிதர் கட்டி வாழும் இடம் எல்லாமே அவர்களுக்குச் 'சூழல்'. லண்டனில் ஏ.ஏ. எனப்படும் கட்டடக்கலைப் பள்ளியில் அதே சொல்லுக்கு வெயில், வெளிச்சம், காற்று ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கட்டடத்தையும் வெளியிடத்தையும் அமைப்பது என்று பொருள். டெல்லியில் எஸ்.பி.ஏ. எனப்படும் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் 'சுற்றுச்சூழல் திட்டமிடல்' என்று இருப்பது எம்.பிளான்., அதாவது திட்டமிடல் முதுநிலைப் படிப்பு. நம் பொறியியல் கல்லூரிகளின் என்விரான்மென்டல் இன்ஜினியரிங்கோ கழிவுநீர், குடிநீர், காற்று மாசு பற்றியது. நான்கு இடத்தில் நான்கு வேலை.

நகரமைப்பு, நகர வடிவமைப்பு, லேண்ட்ஸ்கேப் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன். கோயில் மதிலுக்குள் ஆடி, அதற்கு வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் வளையம் வளையமாக இருக்கின்றன. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு ஊர் வெளியே விரிந்தது. நகரமைப்பு, அதாவது எம்.பிளான். படித்தவர் கேட்பது: இன்னும் இருபது வருஷத்தில் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள், எது கடைப்பகுதி, எது குடியிருப்பு, பேருந்து நிலையம் எங்கே போக வேண்டும்? நகர வடிவமைப்பு படித்தவர் மாசி வீதியிலேயே நின்றுகொள்வார். வீதி எவ்வளவு அகலம், கட்டடம் எவ்வளவு உயரம், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, நடப்பவருக்கு இடம் எங்கே? லேண்ட்ஸ்கேப் படித்தவர் வைகைக் கரைக்கும் தெப்பக்குளத்துக்கும் போய், தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக வருகிறது, அது எங்கே அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார். மூன்றுமே தேவையான வேலைகள். ஆனால் ஒன்றில் மனம் போகிறவருக்கு இன்னொன்று பாரமாகிவிடும்.

அன்றைக்கு உங்கள் மகளிடம் சான்றிதழ்களை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? "உங்க வீதியை வரைஞ்சு காட்டும்மா" என்றேன். மேலிருந்து பார்க்கிற வரைபடம் போடாமல், வீதியைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற தோற்றத்தை வரைந்தாள். ஒரு பக்கம் திண்ணையை இடித்துக் கட்டிய கடை, அதன் தகரச் சாய்ப்பு, சாக்கடை மூடி, நிறுத்திய பைக்குகள், எதிர்ப்பக்கம் ஒரு பழைய மாடி. பிறகு தேர் வருகிற நாளுக்கென்று அதே வீதியை இன்னொரு முறை வரைந்து, "அன்னைக்குச் சாய்ப்பு, வண்டி எல்லாம் போயிடும் சார், வீதி அகலமாயிடும்" என்றாள். ஒரே இடம் நேரத்துக்கு நேரம் மாறுவதை யாரும் சொல்லாமல் கவனிக்கிறவளுக்கு நகர வடிவமைப்புதான் சரி. மதிப்பெண் பட்டியலைவிட அந்தத் தாளை நான் நம்புகிறேன்.

இனி வேலை. அரசு வேலைதான் வேண்டும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால், என் பதில் மாறும். நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) போன்ற இடங்களுக்கான அறிவிப்புகளில் கல்வித்தகுதி வரியை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். அவர்கள் தேடுவது நகரமைப்புப் பட்டம், அதற்கு எம்.பிளான். தான் நேர்வழி. நகர வடிவமைப்பு படித்தவர்கள் பெரும்பாலும் ஆலோசனை நிறுவனங்களில் இருக்கிறார்கள். 2019-இல் திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் மாதிரியான பணிகள் இவர்களுக்கு உரியவை. தொடக்கச் சம்பளம் ஐ.டி. வேலை அளவுக்கு வராது, அதை மறைக்க மாட்டேன். கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியராகவும் போகலாம், அதற்கு எம்.ஆர்க். அவசியம்.

என் யோசனை, படிப்பு முடிந்தவுடன் சேர வேண்டாம். இரண்டு வருஷம் வேலை பார்க்கட்டும். ஸ்டுடியோ வகுப்பில் ஒரு வீதியை மாற்றி வரைவது எளிது. அந்தக் கடைக்காரரிடம் போய்ச் சாய்ப்பை எடுக்கச் சொல்லிப் பார்த்தவர் வரைவது வேறு மாதிரி இருக்கும். வெளிநாட்டு ஆசைக்கும் இது உதவும். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாட்டவருக்காகத் தரும் முதுநிலை உதவித்தொகைக்குக் குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் படிப்பதற்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கு மூன்று வருஷம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு இப்போதே அனுப்ப வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

அதற்குள் முதுநிலைப் படிப்புக்கான தேசியத் தேர்வான கேட் (GATE) எழுதட்டும். கட்டடக்கலை-திட்டமிடல் தாளில் பொதுப்பகுதி போக, கட்டடக்கலையா திட்டமிடலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும். வேலை பார்க்கும் காலத்துக்குச் சரியாக வரும். கேட் வழியாக மத்திய அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்து, உதவித்தொகையும் ஒதுக்கப்பட்டால் மாதம் 12,400 ரூபாய் வரும். டெல்லி எஸ்.பி.ஏ.-வில் நகர வடிவமைப்பு இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அங்கே போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது மாணவரின் சொந்த வேலைகளின் தொகுப்புக்கு, எடை அதிகம், கட்டணமும் அதிகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியையும் பாருங்கள். அங்கே லேண்ட்ஸ்கேப்பும் எம்.பிளானும் உண்டு. எங்கே விண்ணப்பித்தாலும், கடைசி வருஷ மாணவர் இரண்டு பேரிடமாவது போனில் பேசி, இந்த செமஸ்டர் ஸ்டுடியோவுக்கு எந்த ஊரை எடுத்தார்கள், எத்தனை நாள் களத்தில் இருந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு வரைபடங்களும் என்னிடம்தான் இருக்கின்றன. ஒன்றிலும் அளவு போடவில்லை. ஒரு ஞாயிறு காலை கடை திறக்கும் முன் டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், மறுமுனையை அவள் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போகட்டும். அளவுகளோடு அடுத்த முறை வாருங்கள்.