கணக்கு எண் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: கோவையில் பால்புதுமையர் (எல்ஜிபிடி) இளைஞர்களுக்காகக் குழு நடத்துகிறோம். நாங்கள் ஏழு பேர், வயது 19 முதல் 23. லண்டனில் இருக்கும் நண்பர் 2 லட்சம் ரூபாய் தருவதாகச் சொல்லி என் வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கிறார். சங்கமாகப் பதிவு செய்துவிட்டு வாங்கலாமா? 16, 17 வயதுப் பிள்ளைகளும் இரவில் என் எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் அவர் எந்த நாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தால், ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதியில்லாமல் குழு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. உங்கள் சொந்தக் கணக்கில் போட்டாலும் அந்தத் தடை நீங்காது. எவர் தந்தாலும் பணம் குழுவின் கணக்கில்தான் விழ வேண்டும். எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும்.

குழுவின் பெயரில் கணக்குத் தொடங்க வங்கிகள் பொதுவாகப் பதிவு கேட்கும். தமிழ்நாட்டில் சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆள் எண்ணிக்கை உங்களுக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஏழு பேரின் பெயரும் வீட்டு முகவரியும் ஆவணத்தில் ஏறும். வீட்டில் இன்னும் சொல்லாதவர் உங்களில் எத்தனை பேர்? பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் போனால் போதும், அப்பா அதைப் பிரித்துப் படித்துவிடுவார். அதனால் டிரஸ்ட் (அறக்கட்டளை) நல்லது என்பது எங்கள் கருத்து. வீட்டில் தெரிந்த இரண்டு மூன்று பேர் மட்டும் அறங்காவலர்களாகப் போதும். மற்றவர்கள் பெயர் பத்திரத்தில் வராமலே வேலை செய்யலாம்.

பணத்தைவிட எங்களுக்குக் கவலை தருவது அந்தப் பிள்ளைகள்தான். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் வன்முறை நடந்ததாக ஒரு பிள்ளை சொன்னால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை; மறைத்தால் தண்டனை உண்டு. 18 வயதுக்குள் சம்மதத்தையும் அந்தச் சட்டம் ஏற்காது. பிள்ளை மனம் திறந்த பிறகு நீங்கள் இதைச் சொன்னால் ஏமாற்றியதாகத் தோன்றும். பேச்சு தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். தனி அரட்டை வேண்டாம், எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும்.

வீட்டைவிட்டு வந்து நிற்கும் 17 வயதுப் பிள்ளையை உங்கள் அறையில் தங்க வைத்தால், பெற்றோர் கடத்தல் புகார் கொடுக்க இடமுண்டு. உடனே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். அரசு அமைத்த குழந்தைகள் நலக் குழு முன்பு போகும்போது உங்களில் ஒருவர் கூடவே போங்கள். அந்த நேரத்தில் பிள்ளையைத் தனியாக விடுவது பெரிய காயம்.

18 தாண்டியவர் நிலை வேறு. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7-இல் சுஷ்மா என்பவர் தொடர்ந்த வழக்கில் தந்த உத்தரவின்படி, காணவில்லை என்று வந்த புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் மனமொத்த வயதுவந்த பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, துன்புறுத்தாமல் புகாரைப் போலீஸ் முடிக்க வேண்டும். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள். நிலையத்தில் வாய்ப்பேச்சைவிட அது உதவும்.

இரவு அழைப்புகளுக்குத் தனி சிம் வாங்கி, வாரத்துக்கு இருவர் என்று முறை வையுங்கள். பத்து மணிக்கு மேல் எடுக்க முடியாவிட்டால், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐச் சொல்லும் பதிவுக் குரல் ஒலிக்கட்டும். இப்போது எல்லாம் உங்கள் ஒருவர் எண்ணில் இருக்கிறது. உங்களுக்குத் தேர்வு வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ குழுவே நின்றுவிடும். இந்த வாரமே அந்த சிம்மை வாங்குங்கள்.