பன்னிரண்டு வருடம் நின்ற போர்ஷேயா, ஓடித் தேய்ந்த மஸ்டாவா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது நாற்பத்தாறு. அன்றாடத்துக்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது, ஆசைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், ஆனால் துடைத்து வைத்து அழகு பார்க்க இல்லை, வார இறுதியில் ஓட்டவும் முடிந்தால் வாரத்தில் ஒருநாள் வேலைக்கு எடுத்துப் போகவும். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று 1992 மஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், 1,80,000 கிலோமீட்டர் ஓடியது, கூடவே ஒரு தடித்த பில் கோப்பு. மற்றது 1986 போர்ஷே 944, மீட்டரில் வெறும் 62,000, பன்னிரண்டு வருடமாகத் துணி போர்த்தி உள்ளேயே நின்றிருக்கிறது. “போர்ஷே புதுசு மாதிரி பளபளக்கிறது, மஸ்டா ஓடி ஓடித் தேய்ந்தது, அதுவும் 115 குதிரைத்திறன்தான், எதை எடுக்கட்டும்?” என்கிறார்.

மஸ்டாவை எடுங்கள். 944 எனக்கு ரொம்பப் பிடித்த வண்டி, அதனால் இதைச் சொல்லக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்பது ஓட்டுவதற்கு, அந்த இரண்டில் இன்றைக்கே ஓட்டத் தயாராக இருப்பது ஒன்றுதான்.

முப்பது வருட வண்டியில் இரும்பைவிட ரப்பர்தான் முதலில் போகும். ஆயில் சீல், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், பிரேக் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுண்ட் எல்லாமே ரப்பர், இவற்றுக்குக் கிலோமீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும். ஓடுகிற வண்டியில் ஆயில் சுற்றிக்கொண்டே இருப்பதால் சீல் ஈரமாக இருக்கும். நின்ற வண்டியில் காய்ந்து சுருங்கிவிடும், நீங்கள் வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக ஒழுகும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். பன்னிரண்டு வருடம் அப்படியே விட்டால் அந்த ஈரம் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் உள்ளே பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். டேங்கில் மிச்சம் கிடந்த பெட்ரோல் கெட்டுப் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். டயரில் பட்டை தேயாமல் அப்படியே இருக்கும், ஆனால் பக்கச் சுவரில் அச்சிட்ட நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 1409 என்றிருந்தால் அது 2009ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது. பட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த டயரில் வளைவில் அழுத்திப் போவது விளையாட்டு இல்லை.

இதெல்லாம் நானே பட்டுத் தெரிந்துகொண்டது. வருடங்களுக்கு முன் இரண்டு இருக்கை வண்டி ஒன்றை, ஒன்பது வருடம் நின்றது, ‘ஓடவே இல்லை சார்’ என்று விற்றவர் சொன்னதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே பெட்ரோல் வாடை. இரண்டாவது வாரம் கிளட்ச் பெடல் தரையோடு போய்த் திரும்பவே இல்லை. மூன்றாவது வாரம் பின் சக்கரம் ஒன்று கை வைக்க முடியாதபடி சூடு, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஓட்டிய நாளைவிட ஜாக்கி போட்டு அடியில் படுத்த நாள்தான் அதிகம். அன்றிலிருந்து யாராவது ‘ஓடவே இல்லை’ என்றால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை, பயம்தான் வருகிறது.

சரி, 944க்கே உரிய சங்கதிகளுக்கு வருவோம். அதன் 2.5 லிட்டர் இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் ஒன்று, அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனி பெல்ட் இன்னொன்று. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், அப்புறம் ஹெட்டைக் கழற்றாமல் வேலை இல்லை. பெல்ட்டும் ரப்பர்தான், ஓட்டாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். எனவே அந்த வண்டியைச் சோதிக்க என்று யாரும் சாவியைத் திருப்புவதற்கு முன்பே பெல்ட்டை மாற்றச் சொல்ல வேண்டிய நிலை. அடுத்தது கிளட்ச். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் ஒரு நீளமான குழாய்க்குள் ஷாஃப்ட், இதனால்தான் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிபாதியாக விழுந்து வளைவில் அந்த வண்டி அவ்வளவு நிதானமாக இருக்கிறது. ஆனால் கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் சைலன்சரிலிருந்து கியர்பாக்ஸ் வரை பின்னால் இருப்பதையெல்லாம் இறக்க வேண்டும். அந்தக் காலத்து ஒரிஜினல் கிளட்ச் தட்டின் நடுவில் இருப்பதும் ரப்பர், வயதானால் தட்டு தேயும் முன்பே அந்த ரப்பர் உதிர்ந்துபோகும்.

இன்னொன்று, கொஞ்சம் சிரிப்பும் வரும். 944இன் கிலோமீட்டர் மீட்டருக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது, வயதானால் அது உடைந்துவிடும், வேகமுள் ஆடிக்கொண்டிருக்கும், கிலோமீட்டர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். விற்பவரை நான் சந்தேகிக்கவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த 62,000ஐ வைத்து நீங்கள் எந்த முடிவுக்கும் வர முடியாது. பெடல் ரப்பர், ஸ்டீயரிங் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஏறி இறங்கும் பக்க ஓரம், இவை சொல்வதை நம்புங்கள். மனசு கேட்காமல் 944தான் வேண்டும் என்றால், யாராவது ஐந்தாறு வருடமாக ஓட்டிக்கொண்டே இருக்கிற ஒன்றைத் தேடுங்கள், பெல்ட் மாற்றிய தேதி பில்லில் இருக்க வேண்டும். மோசமான தேர்வு இல்லை.

மஸ்டாவைப் பார்க்கப் போகும்போது டார்ச் ஒன்றும் தண்ணீர் பாட்டில் ஒன்றும் சின்னக் காந்தம் ஒன்றும் எடுத்துப் போங்கள். முந்தின நாளே போன் செய்து, நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள், போனதும் பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் மேலே டிக் டிக் என்று சத்தம் கேட்கும், வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்டுக்கு ஆயில் போய்ச் சேரும்வரை அது சகஜம், சூடான பின்னும் நிற்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்து இனிப்பு வாடையும் அடித்தால் கூலண்ட் உள்ளே போகிறது, அத்தோடு கிளம்பிவிடுங்கள். குளிரில் இரண்டாம் கியர் கொஞ்சம் அடம் பிடிக்கும், இந்த வண்டியின் குணமே அது, சூடான பின்னும் கரகரவென்று உராய்ந்தால் உள்ளே கியரை உராயாமல் சேர்க்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது.

இந்த 1.6 இன்ஜினில் தெரிந்திருக்க வேண்டிய பலவீனம் ஒன்றுதான். 1989இல் வெளிவந்ததிலிருந்து 1991 வரையிலான முதல் இன்ஜின்களில் பிஸ்டன்கள் சுற்றிவிடும் கிராங்க் ஷாஃப்டின் முன் மூக்கு குட்டையாக இருக்கும், அங்கே போல்ட் தளர்ந்தால் புல்லியை வழுக்காமல் பிடிக்கும் சாவிக்குழி தேய்ந்து கிராங்க்கே வீணாகும். பிறகு மூக்கை நீட்டி, போல்ட்டைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். உங்களுடையது 1992 என்கிறீர்கள், அநேகமாகப் பிந்தியதுதான், ஆனால் பதிவான வருடமும் தயாரான வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இன்ஜின் ஓடும்போது முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியை டார்ச் அடித்துப் பாருங்கள், வட்டமாகச் சுற்றாமல் தள்ளாடினால் வேண்டாம்.

உண்மையான எதிரி துரு, அதுவும் ஒரே இடத்தில். மடிக்கும் துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே சொட்ட வேண்டும். இலைச் சருகு சேர்ந்து அந்த ஓட்டை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் தேங்கி, உள்ளிருந்தே தின்னும். வெளியே பெயிண்ட் பளிச்சென்று இருக்கும். பாட்டில் தண்ணீர் அதற்குத்தான், ஓட்டையில் மெதுவாக ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள், கீழே சொட்டினால் நல்லது, எங்கேயும் வராமல் காணாமல் போனால் அது எங்கே போனது என்று யோசியுங்கள். சில்லின் பின்முனையைக் கட்டை விரலால் அழுத்துங்கள், காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். இன்ஜின் வேலை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அரித்த சில்லை வெட்டி வெல்டு வைப்பது பெரிய வேலை, ஆகவே துரு இருந்தால் இரக்கம் காட்டாதீர்கள்.

115 குதிரைத்திறன் போதுமா என்கிறீர்கள். வண்டியின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, நாலு சக்கரத்திலும் டபுள் விஷ்போன் என்ற இரட்டைக் கை சஸ்பென்ஷன், கியர் லீவர் மணிக்கட்டை அசைத்தாலே மாறும். இரண்டாம் கியரில் சிவப்புக் கோடு வரை விரட்டினாலும் மணிக்கு 100ஐத் தாண்டியிருக்க மாட்டீர்கள், ஆனால் இன்ஜினை முழுசாகப் பிழிந்த திருப்தி கிடைத்துவிடும். 400 குதிரைத்திறன் வண்டியில் அதே திருப்திக்கு லைசென்ஸைப் பணயம் வைக்க வேண்டும். பாதுகாப்பையும் யோசித்துக்கொள்ளுங்கள், அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கோ ஏபிஎஸ்ஸோ இருக்காது. அதை ஏற்றுக்கொண்டு ஓட்டுவதென்றால் ஓட்டுங்கள்.

பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. இந்த முதல் தலைமுறையைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை மஸ்டாவே 2017இல் ஜப்பானில் அறிவித்தது, நிறுத்தியிருந்த சில பாகங்களையும் மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. வெளி நிறுவனங்களின் பாகங்களும் ஏராளம்.

கடைசி வரியில், கொஞ்சம் பொறுத்தால் போர்ஷே பாக்ஸ்டரோ ஹோண்டா எஸ்2000ஓ வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1996இல் வந்த முதல் பாக்ஸ்டர் ஓட்ட அருமை, ஆனால் அதன் இன்ஜினுக்குள் இடைநிலை ஷாஃப்டைத் தாங்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும், குறிப்பாக 2000க்குப் பிந்திய ஒற்றை வரிசைப் பேரிங். கியர்பாக்ஸை இறக்கினால்தான் எட்டும், எனவே கிளட்ச் மாற்றியபோது பேரிங்கையும் மாற்றினார்களா என்பதுதான் முதல் கேள்வி. இதிலும் நின்றே கிடந்த வண்டியைவிட அடிக்கடி ஓடி, நேரத்துக்கு ஆயில் மாறியதுதான் பிழைக்கிறது என்று அதைப் பிரித்து வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். எஸ்2000 இன்ஜின் 9,000 ஆர்பிஎம் வரை போகும் அதிசயம், ஆனால் 6,000க்குக் கீழே சாது, வேலைக்குப் போகிற நெரிசலில் அந்த அதிசயம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தவறிப்போய்க் கீழ்க் கியரில் போட்டு யாராவது அதிகம் சுற்ற வைத்திருந்தால் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரீடெய்னரில் விரிசல் இருக்கலாம், திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

மஸ்டாவுக்கே திரும்புகிறேன். வாங்கிய கையோடு இன்ஜின் ஆயில், கியர் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலண்ட் எல்லாம் மாற்றிவிடுங்கள், முந்தினவர் நேற்றுதான் மாற்றினேன் என்றாலும். அந்தப் பில் கோப்பில் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடுங்கள், சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது. இந்த 1.6இல் பெல்ட் அறுந்தால் வழியில் நிற்பீர்கள், வால்வு வளையாது. ஆகவே பில் இல்லையென்றாலும் வண்டியை விட்டுவிடாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.