சென்னையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் கொல்கத்தா: அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு எப்படித் திட்டமிடுவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: டிசம்பரில் வெள்ளி இரவு விமானத்தில் வந்து இறங்குகிறீர்கள், ஞாயிறு இரவு திரும்புகிறீர்கள். அப்பா அம்மா அறுபதைத் தாண்டியவர்கள், சைவம். யாருக்கும் வங்க மொழி தெரியாது, ஹிந்தியும் அரைகுறை. கையில் 14 இடங்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது, அதில் சாந்திநிகேதனும் சுந்தரவனமும் அடக்கம்.

முதலில் அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். சாந்திநிகேதன் ஹவுராவிலிருந்து ரயிலில் போகவே இரண்டரை, மூன்று மணி நேரம். போய் வந்தால் ஒரு நாள் முடிந்தது. சுந்தரவனத்துக்குக் குறைந்தது ஓர் இரவாவது தங்க வேண்டும். "தாகூர் ஊரை விட்டுவிட்டு என்ன கொல்கத்தா?" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் வந்து கேட்பார். கேட்கட்டும். அவர் முழங்கால் வலிக்காரர்களோடு வருபவரில்லை.

இந்த ஊருக்கு இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டம் போட்டால் நிச்சயம் சொதப்பும். கடிகாரத்தை வைத்துப் போட வேண்டும். காரணம் சூரியன். நாடு முழுக்க ஒரே நேரம், ஆனால் கொல்கத்தா சென்னைக்கு வெகு கிழக்கே இருக்கிறது. டிசம்பர் நடுவில் சென்னையில் 5:45 வாக்கில் மறையும் சூரியன் இங்கே 4:55-க்குள் மறைந்துவிடும். 5:30-க்கு நல்ல இருட்டு. "மாலை 5 மணிக்கு ஆற்றங்கரை" என்று எழுதிவைத்தால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். ஆறேகாலுக்கெல்லாம் விடிந்துவிடும் என்பதால் விட்டதைக் காலையில் பிடிக்கலாம். ஆறு மணிக்குக் கிளம்பத் தயாரென்றால் இரண்டு நாள் தாராளம். ஒன்பதரைக்கு ஓட்டலில் நிதானமாக டிபன் சாப்பிட்டுக் கிளம்பும் குடும்பமென்றால் பட்டியலில் பாதியை இப்போதே வெட்டுங்கள்.

ரயிலில் வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1,660 கிலோமீட்டர், ஒரு வழிக்கே 27 மணி நேரத்துக்குக் குறையாது, வார இறுதிக்கு ஆகாது. வேறொரு சமயம் வருவதாக இருந்தால், கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஹவுரா வருவதில்லை, ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. அங்கே இறங்கினால் மெட்ரோ கிடையாது, டாக்ஸிதான் கதி. ஹவுரா மெயில் ரயிலில் வந்தால் ஹவுராவிலேயே இறங்கலாம்.

தங்குமிடத்தை நியூ டவுனிலோ சால்ட் லேக்கிலோ போடாதீர்கள். அறை புதிதாக, பெரிதாக இருக்கும், ஆனால் பார்க்க வேண்டிய எல்லாமே ஊரின் மறுபக்கம். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது ராஷ்பிஹாரி, லேக் மார்க்கெட் பக்கம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பகுதி அது. இட்லி, தோசை, ஃபில்டர் காபி நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும், சந்தையில் வாழை இலைகூட வாங்கலாம். காளிகாட் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே. அந்த நீல வழித்தடம்தான் உங்கள் பயணத்தின் முதுகெலும்பு. 1984-ல் ஓடத் தொடங்கிய, நாட்டின் முதல் மெட்ரோ. வடக்கே காளி கோயில் இருக்கும் தக்ஷிணேஸ்வரம் வரை, மாறாமல் ஒரே வண்டியில் முக்கால் மணி நேரம். சில வண்டிகள் வழியிலுள்ள தம்தமோடு நின்றுவிடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

2025 ஆகஸ்டிலிருந்து விமான நிலையத்துக்கும் மெட்ரோ வந்துவிட்டது, நோவாபாராவில் நீல வழித்தடத்துக்கு மாறலாம். ஆனால் வெள்ளி இரவு பத்து மணிக்கு மேல் பெட்டிகளோடு அதை நம்பாதீர்கள். வெளியே வரும்போதே இருக்கும் ப்ரீபெய்டு கவுண்டரில் சீட்டு வாங்கி டாக்ஸியில் போய்விடுங்கள். சீட்டை இறங்கும்வரை டிரைவரிடம் கொடுக்க வேண்டாம். அவருக்குப் பணம் அந்தச் சீட்டில்தான், முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பாதி வழியில் இறக்கிவிட்டாலும் கேட்க முடியாது. பகலில் செயலி டாக்ஸி போதும். 'யாத்ரி சாதி' என்று மாநில அரசு ஆதரவோடு ஒரு செயலி இருக்கிறது, மற்றவை ரத்தாகும்போது கைகொடுக்கும்.

ஆட்டோ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கொல்கத்தாவில் ஆட்டோ கூப்பிட்ட இடத்துக்கு வராது. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தடத்தில் ஓடும் ஷேர் ஆட்டோ: பின்னால் மூன்று பேர், டிரைவருக்கு இடப்பக்கம் ஒருவர், ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். பேரமும் இல்லை, மீட்டரும் இல்லை. முன்சீட்டில் அப்பாவை உட்காரவைக்காதீர்கள். பாதி உடம்பு வெளியேதான் இருக்கும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பிதான். சில்லறை இல்லாமல் ஏறினால் சண்டைதான், 'குச்ரோ' என்று டிரைவர் கேட்டால் அதுதான் கேட்கிறார். 10, 20 ரூபாய்த் தாள்கள் ஒரு கட்டு தனியாக வைத்திருங்கள்.

சனிக்கிழமை வடக்கு. ஏழு மணி வாக்கில் காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் எட்டுக்குள் தக்ஷிணேஸ்வரம். நிலையத்திலிருந்து கோயில் வாசல்வரை ஆகாய நடைபாதை, வெயிலும் இல்லை, வண்டித் தொல்லையும் இல்லை. கோயிலுக்குள் கைப்பை, செல்போன் இரண்டும் கூடாது, கவுண்டரில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். போன் போய்விட்டால் கூட்டத்தில் ஒருவரையொருவர் பிடிக்க முடியாது. அதனால் உள்ளே போகுமுன்பே "பிரிந்துவிட்டால் செருப்பு கவுண்டர் முன்னால்" என்று ஓர் இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். காளி கோயில், சனிக்கிழமை: வரிசை நீளமாகத்தான் இருக்கும். நேரம் ஆக ஆக இன்னும் நீளும், அதற்காகத்தான் எட்டு மணி. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள்.

ஒன்பதரைக்காவது படித்துறைக்கு வந்து, ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குப் படகு ஏறுங்கள். படகு நேரத்துக்குக் கிளம்பாது, ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். பத்தே கால் தாண்டியும் அசையவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்ஸி பிடித்துப் பாலத்தின் வழியே போய்விடுங்கள். பேலூர் மடம் காலையில் 11:30-க்கு மூடினால் மறுபடி திறப்பது மாலையில்தான். இந்த ஒரு நேரத்தைத் தவறவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று திரும்புபவர்கள் ஏராளம். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

அங்கிருந்து டாக்ஸியில் ஹவுரா நிலையம், பிறகு பச்சை வழித்தட மெட்ரோ. ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் 520 மீட்டர், 45 விநாடி. சுரங்கச் சுவரில் நீல விளக்கு தெரிந்ததும் அம்மாவிடம் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் பையில் எதையோ தேடுவதற்குள் ஆறு முடிந்துவிடும். எஸ்பிளனேடில் இறங்கிச் சாப்பாடு, ஒரு மணி நேரம் கட்டாய ஓய்வு.

மதியத்துக்குப் புத்தகக் கடைத் தெருவான காலேஜ் ஸ்ட்ரீட். இதை ஞாயிற்றுக்குத் தள்ளாதீர்கள், அன்று புத்தகக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வெறும் ஷட்டர்தான் பார்ப்பீர்கள். எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து நடக்கலாம். காபி ஹவுஸ் மாடியில் உட்காருவதற்காகப் போங்கள், காபிக்காக அல்ல. நம் ஊர் நாக்குக்கு அந்தக் காபி ஏமாற்றம்தான். ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த வீடும் பக்கம்தான், ஆனால் பெற்றோரோடு இரண்டையும் சேர்க்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஞாயிறு. நீல வழித்தடத்தில் அன்று முதல் வண்டியே காலை ஒன்பதுக்குத்தான். ஆறு மணிக்கு மெட்ரோ நிலையத்தின் பூட்டிய கதவு முன்னால் போய் நிற்காமல் டாக்ஸியில் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். தெரு காலி, சட்டென்று போய்விடலாம். ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்குக் கீழே இருக்கிறது. தரையெல்லாம் தண்ணீர், மிதிபட்ட சாமந்தி, சேறு. பின்பட்டை உள்ள செருப்பு இல்லாமல் அம்மாவை இறக்காதீர்கள். ஆரஞ்சும் மஞ்சளுமாக சாமந்திச் சரங்களைத் தோளில் மலைப்பாம்பு போலச் சுற்றிக்கொண்டு ஆட்கள் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வருவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்க வேண்டாம், உடனே ஓரமாக ஒதுங்குங்கள், தலையில் கூடையோடு வருபவரால் நிற்க முடியாது. நடுவில் நின்று செல்ஃபி எடுப்பவர்தான் இடிபடுவார். 1943-ல் திறந்த பாலத்தை ஆணி, நட்டு இல்லாமல் ரிவெட்டால் மட்டுமே கோத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கச் சரியான இடம் பாலத்தின் மேலல்ல, கீழே படித்துறை. மேலே நின்று படம் எடுத்தால் போலீஸ்காரர் விசிலடிக்கலாம்.

பிறகு விக்டோரியா மெமோரியல். தோட்டம் அதிகாலையிலேயே திறந்துவிடும், காட்சிக்கூடம் பத்து மணிக்கு. டிக்கெட்டை ஆன்லைனில் முதல் நாளே எடுங்கள். டிசம்பர் ஞாயிறு என்றால் பாதி வங்காளமே அங்கேதான் இருக்கும். 1814-ல் தொடங்கிய இந்தியன் மியூசியத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு எகிப்திய மம்மி இருக்கிறது. முழுவதும் பார்க்க நினைத்தால் அப்பா உட்கார்ந்துவிடுவார், ஒரு மணி நேரத்தோடு வெளியே வாருங்கள். இரண்டுமே திங்கள் விடுமுறை, பயணம் ஒரு நாள் தள்ளிப்போனால் ஞாபகம் வையுங்கள். நாலு மணிக்குப் பிரின்செப் காட். வெள்ளைத் தூண்கள், பின்னால் வித்யாசாகர் சேது பாலம், நேரே ஆற்றில் சூரியன். 4:55-க்கு முடிந்துவிடும், நாலரைக்கு ஓட்டலிலிருந்து கிளம்பிப் பயனில்லை.

டிராம் எங்கே என்று கேட்பீர்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1873-ல் குதிரை இழுத்து ஆரம்பித்து, 1902-ல் மின்சாரத்துக்கு மாறி, உலகத்தில் பல ஊர்கள் இப்போது கோடி கோடியாகக் கொட்டித் திரும்பக் கொண்டுவரும் ஒரு வண்டியை, இங்கே போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள். எஸ்பிளனேட், மைதான் பக்கம் ஒரு பாரம்பரியத் துண்டு மட்டும் போதும் என்று 2024 செப்டம்பரில் மாநில அரசு அறிவித்தது. நமக்கும் வாய் இல்லை, 1895-லேயே மின்சார டிராம் ஓட்டிய மெட்ராஸ் 1953-ல் அதை மூடிவிட்டது. தண்டவாளத்தின்மேல் காரை நிறுத்தியவனை விட்டுவிட்டு டிராமைக் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்? எஸ்பிளனேடில் ஒன்று கண்ணில் பட்டால் எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறிவிடுங்கள்.

சைவம் பற்றி. 'நிராமிஷ்' என்று சொல்லுங்கள், 'வெஜ்' என்பதைவிடத் தெளிவாகப் புரியும். பருப்பில் மீன்தலை போட்டுச் சமைக்கும் வழக்கம் இங்கே உண்டு, வங்காளிச் சாப்பாட்டுக் கடையில் டாலைப் பார்த்ததும் சாம்பார் நினைப்பில் ஊற்றிக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள். காலைக்குக் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், மதியம் லூச்சி என்னும் மைதா பூரி, கடலைப்பருப்பில் செய்த சோலார் டால். கடுகெண்ணெய் வாசம் முதல் வேளைக்குக் குமட்டலாம்.

டிசம்பர் 25-ஐ ஒட்டிய வார இறுதியாக இருந்தால் பார்க் ஸ்ட்ரீட்டைத் தவிருங்கள், மாலையில் வண்டியே நுழைய முடியாத கூட்டம். மழைக்காலத்துக்கு மாற்றினால் காலேஜ் ஸ்ட்ரீட்டை எடுத்துவிடுங்கள், ஒரு மணி நேரம் கொட்டினாலே அங்கே முழங்கால் தண்ணீர்.

ஞாயிறு இரவு ஒன்பதரை விமானமென்றால் ஆறு மணிக்கு டாக்ஸியில் இருக்க வேண்டும். இனிப்பை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். டிசம்பரில் நோலேன் குர், அதாவது புது ஈச்சம் வெல்லத்தில் செய்த சந்தேஷ் கிடைக்கும், குளிர்காலம் தாண்டி வந்தால் புதிதாகக் கிடைக்காது. அதன் ஆயுள் ஒரு நாள்தான், கையிலேயே எடுத்துப்போய் திங்கள் காலைக்குள் தீர்த்துவிடுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க டின் ரசகுல்லா போதும். அதைக் கைப்பையில் வைத்தால் ஜீரா திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைக்கக்கூடும், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.