ஒல்லியான கையும் 50 கிலோ மூட்டையும்

அன்புள்ள ஐயா,

வணக்கமுங்க. காங்கயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். பையன் மூன்று வாரமாக ஜிம்முக்குப் போகிறான். 10 கிலோ தம்புள்ஸில் ஆரம்பித்து 14 கிலோவுக்கு வந்துவிட்டான். கை மட்டும் பருக்கவே இல்லை. களத்தில் அவனைவிட ஒல்லியான லோடுமேன் 50 கிலோ மூட்டையை அலுங்காமல் தூக்குகிறார், இவன் திணறுகிறான். அப்படியென்றால் பலம் எங்கேதான் இருக்கிறது? இன்னொன்று, லாரியில் ஏற்றினால் இவனுக்கு ஒன்றும் ஆவதில்லை. மூட்டையோடு பலகையில் இறங்கி வந்தால்தான் மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறது. ஏனுங்க?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பலம் சதையிலும் இருக்கிறது, சதையை ஏவும் நரம்பிலும் இருக்கிறது. பையனுக்கு இந்த மூன்று வாரத்தில் தேறியிருப்பது பெரும்பாலும் நரம்பு.

மூளைத்தண்டிலிருந்தோ தண்டுவடத்திலிருந்தோ தசைக்கு வரும் ஒவ்வொரு நரம்பணுவும் தனக்கென்று ஒரு கூட்டம் தசை இழைகளை வைத்திருக்கிறது. இதை இயக்க அலகு என்கிறார்கள். கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குச் சுமார் 10 இழைகள். கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். நரம்பு ஏவினால் அந்த அலகின் இழைகள் அத்தனையும் சேர்ந்து சுருங்கும். ஆகவே விசையைக் கூட்டவும் குறைக்கவும் உடம்புக்கு இரண்டே பிடிதான்: எத்தனை அலகுகளை வேலையில் இறக்குவது, ஒவ்வொன்றையும் நொடிக்கு எத்தனை முறை ஏவுவது.

இறக்குவதிலும் வரிசை உண்டு. சிறிய நரம்பணுக்கள் முதலில், பெரியவை கடைசியில். பூனைகளை வைத்து எல்வுட் ஹென்னமன் என்ற நரம்பியல் ஆய்வாளர் 1957இல் இதைக் காட்டினார். வீட்டிலேயே பார்க்கலாம். பையன் சொம்பைக் கை நீட்டிப் பிடிக்கட்டும், நீங்கள் மெல்லத் தண்ணீர் ஊற்றுங்கள். தொடக்கத்தில் எளிதில் சோராத சின்ன அலகுகளே தாங்கும். நிறைந்த சொம்பை அப்படியே ஓரிரு நிமிடம் பிடித்தால் தண்ணீரில் நடுக்கம் தெரியும். சின்னவை சோர, பெரியவையும் சேர, விசை சீராக ஓடாமல் வெட்டி வெட்டி வருகிறது.

புதிதாகப் பளு தூக்குபவருக்குப் பெரிய அலகுகள் முழுதாக வந்து சேர்வதில்லை. போதாததற்கு, முன்கையை மடக்கும்போது புஜத்தின் பின்தசையும் இறுகி எதிர்த்து இழுக்கும். பழகப் பழக இரண்டும் சரியாகும். சதை பருப்பது கண்ணுக்குத் தெரிய இன்னும் சில வாரங்கள் ஆகும்.

லோடுமேனுக்கு இந்தப் பழக்கத்தோடு நெம்புகோல் கணக்கும் துணை. முதுகை நிமிர்த்தும் தசை, முதுகெலும்பிலிருந்து 5 செ.மீ. போலத்தான் தள்ளி இருக்கிறது. மூட்டை முதுகெலும்பிலிருந்து 50 செ.மீ. தள்ளி இருந்தால் 50 கிலோவுக்கு அந்தத் தசை 500 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். உடம்போடு ஒட்டி 20 செ.மீ.க்குள் கொண்டுவந்தால் 200 போதும். அவர் மூட்டையை வயிற்றோடு அணைத்து எடுப்பதைக் கவனியுங்கள். பையன் முதலில் கற்க வேண்டியது அதைத்தான்.

பலகையில் இறங்கும்போது தொடைத் தசை இறுகியபடியே நீள்கிறது. நீளும் தசை சுருங்கும் தசையைவிட அதிக விசை தாங்கும். குறைந்த இழைகளே வேலை செய்வதால் ஒவ்வோர் இழைக்கும் இழுப்பு கூடி நுண்ணிய சேதம் ஏற்படும். வலி ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். முதல் வாரம் பாதிச் சுமையோடு, பத்துப் பதினைந்து நடை மட்டும் இறங்கட்டும். வலி தணிந்தபின் கூட்டலாம். ஒருமுறை பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு வலிக்காது. ஆனால் வலியோடு தொடை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள். உடைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.