வீட்டு அறையில் ட்ரம்ஸோடு நான்கு பேர் பேண்டை ரெக்கார்ட் செய்ய என்ன வாங்க வேண்டும், மைக்கை எங்கே வைக்க வேண்டும்?

ட்ரம்ஸ், பேஸ், எலக்ட்ரிக் கிட்டார், பாட்டு என நான்கு பேர், 10க்கு 12 அடி அறை என்று வைத்துக்கொள்வோம். மைக் பட்டியலுக்கு முன்னால் ஒன்றை முடிவு செய்யுங்கள்: எதையெல்லாம் ஒரே நேரத்தில் பதியப் போகிறீர்கள்? நால்வரும் ஒரே அறையில் ஆம்பைத் திறந்துவிட்டு வாசித்தால் குரல் மைக்கில் சிம்பலும் ட்ரம்ஸ் மைக்கில் கிட்டாரும் ஏறிவிடும். பிறகு ஒரு வரி சுருதி விலகினாலும் அதை மட்டும் மாற்றிப் பாட வழியில்லை.

இந்த அளவு அறைக்கு ஒத்துவருவது இதுதான். மைக் வைப்பது ட்ரம்ஸுக்கு மட்டும். பேஸும் கிட்டாரும் நேராக ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) செருகப்படட்டும். எல்லாரும் ஹெட்ஃபோனில் கேட்டு வாசிக்கட்டும். பாடகர் அடுத்த அறையில் நின்று கைட் ட்ராக் (மற்றவர்கள் வழி தெரிந்து வாசிப்பதற்கான தற்காலிகக் குரல்) பாடினால் போதும். ட்ரம்ஸ் அறையில் வேறு எதுவும் சத்தமாக ஒலிக்காததால் ட்ரம்ஸ் சுத்தமாகப் பதியும், பேண்ட் சேர்ந்து வாசிக்கும் துடிப்பும் போகாது. கிட்டார் ஆம்பும் உண்மையான குரலும் இன்னொரு நாள்.

இனி கணக்கு எளிது. ட்ரம்ஸுக்கு 4, பேஸுக்கு 1, கிட்டாருக்கு 1, கைட் குரலுக்கு 1, ஆக 7 உள்ளீடுகள். எனவே 8 மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் உள்ளீடு) உள்ள இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். பெரிங்கர் யுஎம்சி 1820, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 இரண்டும் இந்த வகை. பெயரில் உள்ள 18ஐப் பார்த்து 18 மைக் செருகலாம் என்று நினைக்காதீர்கள். 8தான் மைக் உள்ளீடு. மீதியில் 8 ஆப்டிகல், 2 எஸ்பிடிஐஎஃப் என்ற டிஜிட்டல் இணைப்புகள் வழியாக வேறு கருவிகளிலிருந்து வருபவை. மேடையிலும் வாசிக்கிற பேண்ட் என்றால் பெரிங்கர் எக்ஸ்ஆர் 18 போன்ற டிஜிட்டல் மிக்ஸர் இரண்டுக்கும் பயன்படும். அதில் 16 ப்ரீஆம்ப் உண்டு, ஒவ்வொன்றும் யுஎஸ்பியில் தனி ட்ராக்காகப் போகும். "யுஎஸ்பி மிக்ஸர்" என்று மலிவாக விற்கும் அனலாக் மிக்ஸர்கள் பல, எத்தனை மைக் செருகினாலும் கணினிக்கு இரண்டே சேனல்தான் அனுப்பும். பணம் வீணாகும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மைக்கில், ட்ரம்ஸுக்கு மேலிருந்து பதிய ஒரே மாடலில் இரண்டு சிறிய டயஃப்ரம் கன்டென்சர் (நுட்பமான ஓசையையும் பிடிக்கும் வகை), காலால் அடிக்கும் பெரிய ட்ரம்முக்கு ஒரு கிக் மைக் (ஏகேஜி டி 112, ஷூர் பீட்டா 52ஏ போல), ஸ்னேருக்கு ஒரு ஷூர் எஸ்எம் 57. கைட் குரலுக்குப் பாடகரின் மேடை மைக்கே போதும். 1965இல் வந்த எஸ்எம் 57 இன்றும் ஸ்னேருக்கும் கிட்டார் ஆம்புக்கும் முதல் தேர்வு. இதற்கும் அதே நிறுவனத்தின் குரல் மைக்கான எஸ்எம் 58க்கும் போலிகள் ஏராளம் என்பதால், பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஏழு மைக் அடங்கிய மலிவான ட்ரம் மைக் பெட்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு நல்ல மைக்கைச் சரியாக வைப்பது ஏழு சுமாரான மைக்கோடு மல்லுக்கட்டுவதை விட மேல்.

மைக் வைக்கும் முன் ட்ரம்ஸையே கவனியுங்கள். தேய்ந்த ஹெட்டை (ட்ரம்மில் அடிபடும் தோல்) எந்த மைக்காலும் காப்பாற்ற முடியாது. ஸ்னேருக்கும் டாம்களுக்கும் மேல் ஹெட் புதிதாகப் போட்டு ட்யூன் செய்து ஒரு நாள் விடுங்கள். இழுபட்டுச் சுருதி இறங்கியிருக்கும், மறுபடி ஏற்றுங்கள். கிக் பெடல் கீச்சிடுகிறதா, சிம்பல் ஸ்டாண்டில் ஏதாவது ஆட்டம் இருக்கிறதா என்று தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள்.

ஓவர்ஹெட்டுக்கு, அதாவது மேலிருந்து கிட் முழுவதையும் பிடிக்கும் இரண்டு கன்டென்சருக்கு, ஒலிப்பதிவாளர் க்ளின் ஜான்ஸின் முறை சின்ன அறைக்குப் பொருந்தும். முதல் கன்டென்சர் ஸ்னேருக்கு நேர் மேலே, சுமார் 100 செ.மீ. உயரத்தில். இரண்டாவது ட்ரம்மரின் வலப்பக்கம், ஃப்ளோர் டாமுக்கு அப்பால், அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி. ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்கும் சரியாக ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், அதை ஒரு நூலைப் பிடித்து அளந்துவிடுங்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது. 17 செ.மீ. வித்தியாசம் இருந்தாலே ஒரு மைக்கில் ஸ்னேர் அரை மில்லி செகண்ட் தாமதமாகிறது. இரண்டையும் கூட்டும்போது 1000 ஹெர்ட்ஸ் அருகே ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேர் டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் கேட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஈக்யூவால் (அடி, மேல் ஓசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அது சரியாகாது.

கிக் மைக்கை முன் ஹெட்டின் துளையில் பாதி நுழைத்து வையுங்கள். உள்ளே பீட்டரை (பெடலின் சுத்தியல்) நோக்கிப் போகப் போக 'டிக்' ஓசை கூடும், வெளியே வர வர அடர்த்தி கூடும். எஸ்எம் 57 ஸ்னேர் விளிம்புக்கு மேலே 3 செ.மீ., நடுவைப் பார்த்து. அதன் முதுகு ஹை-ஹாட்டை நோக்கட்டும். இது போன்ற கார்டியாய்ட் (முன்பக்கத்தையே அதிகம் கேட்கும்) மைக் பின்பக்கத்தில்தான் குறைவாகக் கேட்கும். நான்கும் வைத்தபின் கொஞ்சம் பதிந்து, மோனோவில் (இரு பக்கமும் ஒன்றாகக் கூட்டி) கேட்டபடி, ஓவர்ஹெட்டுக்கு எதிராக கிக்கின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசை) மென்பொருளில் திருப்பிப் பாருங்கள். எதில் அடிச்சத்தம் கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்னேருக்கும் அப்படியே.

அறை விஷயம். 10 அடி அகலம், கூரையும் 10 அடி என்றால் இரண்டு திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸில் அறை அதிரும். பேஸ் கிட்டாரின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ்! பேஸை நேரடியாகச் செருகிப் பதிவதால் பதிவு கெடாது. மிக்ஸ் செய்யும்போதுதான் ஏ சுரம் மட்டும் வீங்கியோ காணாமலோ போகும். நீங்கள் அதைத் திருத்தப் போய், காரில் கேட்டால் தலைகீழாக இருக்கும். பேஸ் அளவை ஹெட்ஃபோனிலும் சரிபாருங்கள். முட்டை அட்டை இதற்கு உதவாது. ஒரு அங்குல ஃபோம் மேல் ஓசையை மட்டும் உறிஞ்சும். அறை மந்தமாகி, குமுறல் அப்படியே இருக்கும். 4 அங்குல ராக்வூல் பலகைகளைத் துணியில் சுற்றி, மூலைகளிலும் ட்ரம்ஸுக்கு மேலே கூரையிலும் மாட்டுங்கள். டைல்ஸ் தரை என்றால் கிட் முழுக்கக் கனமான விரிப்பு. இவை எதுவும் பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதைத் தடுக்காது, அது வேறு வேலை. பகலில் பதியுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். பாட்டின் மிக ஓங்கிய இடத்தை ட்ரம்மரை அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கும்படி கெயின் (உள்ளீட்டு அளவு) வையுங்கள். நிஜ டேக்கில் இன்னும் ஓங்கி அடிப்பார், எல்லா ட்ரம்மரும் அப்படித்தான். அளவு மீறி ஓசை உடைந்தால் (க்ளிப்) மீட்க வழியில்லை. 24 பிட்டில் குறைந்த அளவில் பதிவதால் நட்டமில்லை. எட்டு ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 70 எம்பி பிடிக்கும்.

பேஸையும் கிட்டாரையும் செருகும் உள்ளீட்டில் 'இன்ஸ்ட்' பட்டனை அழுத்த மறந்தால் ஓசை மங்கி மெலியும். அந்தப் பட்டன் இல்லாத உள்ளீடு என்றால் இடையில் டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வேண்டும். கிட்டாரில் 'ஙொய்' என்ற இரைச்சல் வந்தால், முதலில் எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரையும் டிம்மரையும் அணையுங்கள்; சிங்கிள் காயில் பிக்கப் இவற்றை அப்படியே பிடிக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது சைன்வேவ் அல்லாத வகை இன்னும் மோசம். ஹம் போக வேண்டும் என்று ஆம்பின் எர்த் பின்னை மட்டும் கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கணினி, இன்டர்ஃபேஸ், ஆம்ப் எல்லாம் எர்த் உள்ள ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ஹெட்ஃபோன் நான்கும் மூடிய வகையாக இருக்கட்டும். பிரித்துக் கொடுக்க நாலு வழி ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று. நேரடி மானிட்டரிங் (கணினிக்குப் போகாமல் இன்டர்ஃபேஸிலிருந்தே கேட்பது) இல்லையென்றால், ஹெட்ஃபோனில் தாமதம் குறைய, மென்பொருளில் பஃபரை 128 சாம்பிளுக்கு இறக்குங்கள். பாட்டின் முடிவில் சிம்பல் மெல்ல அடங்கும்போது ஹெட்ஃபோனில் தாளம் காட்டும் க்ளிக் ஓவர்ஹெட்டில் கசியும். கடைசி அடியோடு க்ளிக் நிற்கும்படி முன்பே அமைத்துவிடுங்கள்.

கிட்டார் ஆம்புக்கு அதே எஸ்எம் 57, ஸ்பீக்கர் துணிக்கு 2 செ.மீ. தள்ளி. கோனின் நடுவில் கூர்மை, விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த மென்மை. பிடித்த இடத்தில் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

குரலுக்கு எஸ்எம் 58, வாயிலிருந்து 10 முதல் 15 செ.மீ., நடுவில் பாப் ஃபில்டர் ('ப' போன்ற எழுத்துகளின் காற்றைத் தடுக்கும் வலை). மெத்தையோ ரஜாயோ மாட்டுவதானால் பாடகரின் முதுகுக்குப் பின்னால் மாட்டுங்கள். மைக் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய கன்டென்சர் வாங்கும் ஆசையை அறை அடங்கும்வரை தள்ளிப்போடலாம். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டிப் பாடினாலும் நன்றாகவே வரும். மிக்ஸிங்கை வேறு யாரிடமாவது கொடுப்பதானால், ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் அதே பூஜ்யப் புள்ளியில் தொடங்கும்படி வேவ் ஃபைலாக எடுத்து, வேகத்தையும் ஃபைல் பெயரிலேயே எழுதி அனுப்புங்கள்.